ஒருநாள் மேயரும் எந்நாள் மேயரும்

மருதனார்மடத்துக்கு மேயர் கிடையாது. சட்டப்படி எங்களுக்கு வாய்த்தது வலிகாமம் தெற்குப் பிரதேச சபையும் அதன் தவிசாளரும். மேயர்தான் வேண்டுமென்றால் காங்கேசன்துறை வீதியால் ஏழெட்டுக் கிலோமீற்றர் யாழ்ப்பாணம் போகவேண்டும். 1949இல் மாநகர சபை வந்தது அங்கேதான். ஆனாலும் சந்தையடித் தேத்தண்ணிக்கடையில் "மேயர் நிக்கிறாரோ?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பதான் வடையைக் கடிச்சுக்கொண்டு ஆஞ்சநேயர் கோயில் பக்கம் போறார்" என்று யோசிக்காமல் பதில் வரும்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். சனசமூக நிலையத்தில் தலைவர், கோயில் பரிபாலன சபையில் பொருளாளர், பழைய மாணவர் சங்கத்தில் போசகர், செத்த வீட்டில் இரங்கலுரை. ஒரு வாக்கும் கேளாமல் இருபது வருடமாகப் பதவியில் இருப்பவர். வெள்ளைச் சேட்டு, வேட்டி, இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வை. ஆள் ஒழுங்கையில் திரும்புமுன்னே சத்தம் வந்துவிடும். மண்டபம், வாசிகசாலை அலுமாரி, விளையாட்டுச் சாமான் அறை, கோயில் களஞ்சியம், ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் அந்தக் கோர்வைக்குள். எது எதற்குரியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் மூன்றாவது திறப்பைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இவர் தொழில் கௌரவிப்பது. பல்கலைக்கழகம் எடுபட்ட பிள்ளை, இளைப்பாறிய தபாற்காரர், இனுவிலில் தவில் பழகி முதற்கச்சேரி வாசித்த பெடியன், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்து இறங்கியவர், ஒருவரும் தப்ப முடியாது. சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர் கொஞ்சம் அசந்தால் பொன்னாடையோடுதான் ஏறுவார்.

பொன்னாடை அலுத்தபோதுதான் அவருக்குச் சிவாஜி ஞாபகம் வந்தது.

"தம்பி, 1962இல அமெரிக்க அரசாங்கம் சிவாஜியைக் கூப்பிட்டது. நயாகராவில ஒருநாள் மேயராக்கி, நகரத்தின்ர பொன் திறப்பையும் கையில குடுத்தவங்கள்" என்று தொடங்குவார். குரல் தழுதழுக்கும். கட்டபொம்மனும் கப்பலோட்டிய தமிழனும் முகத்தில் ஒன்றாக வந்து போவார்கள். பிறகு முகம் சட்டென்று வாடும். "வாங்கினவரை உலகத்துக்கே தெரியும். குடுத்த மேயரின்ர பேரை ஆரும் கேட்டவையோ?"

அந்த அநீதி தன் ஊரில் நடக்கக்கூடாது என்று தீர்மானித்தார். தச்சுப் பட்டறையில் வேப்பம் பலகையில் தோணித் துடுப்பளவில் ஒரு திறப்புச் செய்வித்தார். பொன்நிறப் பெயின்ற் அடித்தது. பெறுபவர் பெயர் சின்ன எழுத்தில், வழங்குபவர் பெயர் பெரிய எழுத்தில். முதல் திறப்பு, மண்டபத்துக் கூரைத் தகட்டுக்குக் காசு கொடுத்த ரொறன்ரோக்காரருக்கு.

அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணை, இது எந்தக் கதவுக்கு?" என்றார்.

"இது கதவுக்கில்லைத் தம்பி, கௌரவத்துக்கு."

நகரங்களுக்கு மதிலும் வாசலும் இருந்த காலத்தில் திறப்பைக் கொடுப்பதென்றால் ஊரையே கொடுப்பது. 1625இல் பிரேடா நகரம் ஸ்பானியரிடம் சரணடைந்ததை வெலாஸ்குவெஸ் வரைந்தபோது, ஓவியத்தின் நடுவில் வைத்தது தோற்றவர் நீட்டும் திறப்பைத்தான். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது; இரண்டு முறையும் வாழ்த்துப்பா ஒன்றும் படிக்கப்பட்டிராது. இப்போது நகரங்களுக்கு மதிலும் இல்லை, வாசலும் இல்லை. மேயர்மாருக்கு எவ்வளவு வசதி! எதையும் கொடாமலே கொடுத்துவிடலாம்.

டெட்ராயிட் நகரத் திறப்பு 1980இல் சதாம் உசேனுக்குப் போன கதையை எங்கள் மேயருக்குச் சொன்னேன். அந்த ஊர்க் கல்தேயத் தேவாலயத்துக்கு சதாம் பெருந்தொகை கொடுத்திருந்தார். மேயர் கோல்மன் யங்கின் பேரில் பாதிரியார் ஒருவர் பாக்தாத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னேன். அவர் உருகிப் போனார். "பாத்தீரோ, காசு தந்த மனிசனைத் தேடிப்போய்க் குடுத்திருக்கினம்!"

நியூயோர்க் மேயர் எரிக் அடம்ஸ் 2023இல் பாடகர் ஷோன் கோம்ஸுக்குத் திறப்புக் கொடுத்து, அடுத்த வருடம் விவகாரம் வெடித்ததும் கடிதம் எழுதித் திருப்பி வாங்கினார் என்றபோது மட்டும் வடை பாதியில் நின்றது.

"திருப்பியும் வாங்கலாமோ?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. ரொறன்ரோக்காரரின் பெட்டிக்குள் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஏறிய பிறகு திறப்புக்கு இடமில்லை. அது பெரியம்மா வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்தது. மேயர் நேரே போய் எடுத்துவந்து கழுவி, சின்ன எழுத்தை மட்டும் அழித்து, சுவிஸிலிருந்து வந்த ஒருவரின் பெயரை எழுதுவித்தார். பெரிய எழுத்துக்கு இன்னொரு பூச்சு.

இடுப்புக் கோர்வையிலிருந்து ஒன்று கழன்றதாக மட்டும் சரித்திரமில்லை. கரப்பந்து வலை எடுக்க வரும் பெடியளுக்கு "நாளைக்கு வாங்கோ." வாசிகசாலைக்கு வரும் கிழவருக்கு "இப்ப திறக்கிறன்." கிழவர் விறாந்தைக் குந்தில் இருந்து நேற்றைய பேப்பரை இன்னொரு தரம் படிப்பார்.

சுவிஸ்காரர் விழாவன்று சந்தியிலிருந்து மேளதாளத்தோடு ஊர்வலம். முன்னால் மேயர், பட்டு வேட்டி, சால்வை, தோளில் பொன் திறப்பு. மண்டப வாசலுக்கு வந்தால் ஆமைப்பூட்டு தொங்குகிறது. மேயர் இடுப்பைத் தடவினார். கோர்வை பழைய வேட்டியோடு வீட்டில். வீட்டைப் பூட்டிக்கொண்டு மனிசி கோயிலுக்குப் போய்விட்டா. தவில்காரர் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார். சுவிஸ்காரர் மாலையோடு வெயிலில் நின்றார்.

கரப்பந்துப் பெடியள் அலவாங்கோடு வந்தார்கள். ஒரே நெம்பில் பூட்டுத் தெறித்த வேகத்தைப் பார்த்தால், முதல் தடவை போலத் தெரியவில்லை.

தலைமையுரையில் மேயர் சொன்னார்: "எங்கட விருந்தினர், மண்டபத்துக்குப் புதுப்பூட்டு ஒண்டும் அன்பளிப்புச் செய்யிறதாச் சொல்லியிருக்கிறார்."

வந்து இறங்கியதிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாத சுவிஸ்காரர் பக்கத்துக் கதிரைக்காரரிடம் மெல்லக் கேட்டார்: "பூட்டோட எத்தினை திறப்பு வரும்?"

"மூண்டு வரும். மூண்டும் மேயரிட்டத்தான்."