ஃப்ளெக்ஸுக்கு ஒரு போட்டோ

தருமபுரிப் பக்கம் எங்கள் நல்லம்பள்ளியில் ஃப்ளெக்ஸ் என்றால் பேனர். காதுகுத்து, கட்சிக்காரர் வருகை, கண்ணீர் அஞ்சலி, இதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு இங்கே வேலை கிடையாது. அதனால்தான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அண்ணன் மகன் திண்ணையில் லேப்டாப்பை விரித்துவைத்து, "எனக்கு ஃப்ளெக்ஸி டைம், சித்தப்பா" என்றபோது, என் பெரியம்மா திடுக்கிட்டு, "யாருக்குடா? யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

அவன் விளக்கினான். எந்த நேரத்திலும் வேலையைத் தொடங்கலாம், எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். நெட் போய்விட்டால் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் போதும். சம்பளம் மாசம் பிறந்தால் வந்துவிடும். பெரியம்மா கடைசிவரை கேட்டார். பிறகு தலையில் துண்டைச் சுற்றி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏரி வேலைக்குக் கிளம்பினார். போட்டோவுக்கு நேரமாகிவிட்டது.

காந்தி பெயரில் நடந்த நூறு நாள் வேலைக்கு, வருகையைப் பதிய, 2021 மே மாதம் ஒன்றிய அரசு என்.எம்.எம்.எஸ். என்று ஓர் ஆப் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாத் தளங்களுக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியது. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, எடுத்த இடமும் நேரமும் பதிந்து. போன் பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போன். அவரும் கூலிக்காரப் பெண்தான். கண்ணாடி மூலையில் விரிசல் விட்ட அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மூஞ்சி தெரியல, துண்டை எடுத்து விடுங்க. பின்னாடி நிக்கிறவங்க நெருங்கி வாங்க" என்று அவர் கத்துவதைப் பார்த்தால், கல்யாண மண்டபத்து போட்டோகிராபர் தோற்றார். படம் எடுத்தாயிற்று. அதை ஏற்ற வேண்டுமே? ஏரிக்குள் சிக்னல் இருக்காது. கரைமேல் ஏறி, போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடிக்கிறார். டெல்லியில் இருக்கும் தெய்வத்துக்குக் கற்பூர ஆரத்தி.

இதில் வயிறு எரிகிற விஷயம் வேறு. இந்தப் பெண்களிடம் ஃப்ளெக்ஸி டைம் ஏற்கெனவே இருந்தது. 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில் கூலியை அளவு பார்த்துத்தான் போட்டார்கள். இத்தனை அடி நீளம், இத்தனை அடி ஆழம், வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு ஆட்டை ஓட்டலாம், படுத்துக்கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றலாம், சாமந்தித் தோட்டத்தில் இன்னொரு கூலி பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஒரு நடை போகலாம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் கான்ஃபரன்ஸ் வைத்துக் கண்டுபிடித்த மகத்துவத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அந்த இரண்டாவது போட்டோ பிடுங்கிக்கொண்டது. வேலை 11 மணிக்கே முடிந்தாலும் மதியப் படத்துக்காக வேலமரத்து நிழலில் குந்திக்கொண்டிருக்க வேண்டும். தொழில்நுட்பம் நேரத்தை மிச்சப்படுத்துமாம்! யாருடைய நேரத்தை?

மதியப் படம் விட்டுப்போனால் ஒரு நாள் கூலியே ஆட்டம் காணும். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தொகை நாளுக்கு 336 ரூபாய். பெரியம்மா பிந்தினால் இந்த நிலை. அரசாங்கம் பிந்தினால்? வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் என்று வையுங்கள், ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய் சொச்சம். கந்துவட்டிக்காரனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கடையை மூடிவிட்டு அழுவான். 2024 நவம்பர் 27க்குப் பிறகு கூலிப் பணம் வரவில்லை, 1,056 கோடி ரூபாயை விடுவியுங்கள் என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் அந்த பாக்கி 4,034 கோடி என்று மாநில ஆளுங்கட்சியே தெருவில் இறங்கிப் போராடியது. இத்தனை மாதத்திலும் ஆப் மட்டும் ஒரு நாள் தவறாமல் வருகை கேட்டது. கூலி போட்டார்களா என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நிதியமைச்சகத்தைப் போட்டோ எடுக்க எந்த ஆப்பும் இல்லை.

சரி, திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன. படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள். கணக்கில் உள்ள தலைக்கும் படத்தில் உள்ள தலைக்கும் பொருத்தமில்லை. பெண்கள் வேலை செய்ததாகக் கணக்கு, படத்தில் ஆண்கள். சில இடங்களில் மதியப் படமே இல்லை. இதற்கு அமைச்சகம் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஊராட்சி அளவில் 100 சதவீதப் படங்களையும் மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மனிதக் கண்ணை நம்பாமல் ஆப் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பை நம்பாமல் கண்ணைக் கூப்பிட்டார்கள். தூக்கத்தில் நடந்தவன் கூட இவ்வளவு சுற்றமாட்டான். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே கழற்றிவிட்டு, 125 நாள் என்று வேறு சட்டம் வந்தது. காந்தி பெயர் போயிற்று. கேமராவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மாநில அரசை விட்டுவிட்டேன் என்று யாரும் குளிர் காய வேண்டாம். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் தொடங்கிவைத்தது இங்கே தொப்பூரில்தான், 2023 ஜூலை 24. ஊரகப் பகுதிகளுக்கான 'மக்களுடன் முதல்வர்' முகாம் தொடங்கியதும் பக்கத்தில் பாளையம்புதூரில், 2024 ஜூலை 11. வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். எங்கள் எதிர்வீட்டு அக்காவும் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் கொடுத்தார். அவருக்கென்று போன் கிடையாது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் நம்பரைக் கொடுத்தார். நிராகரிப்புச் செய்தி அந்தப் போனுக்குப் போனது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றது அரசு. பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, லோன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்த அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினான். அக்கா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "கவுர்மெண்டுக்கு எங்க வீடு தெரியாதா? ஓட்டுக்கு மட்டும் தெரியுதே?"

அதியமான் ஆண்ட தகடூர் இது. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை அதியமான்கோட்டையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இன்றைக்கு அந்தக் கனியை ரேஷன் கடையில் வைத்திருந்தால், கிழவிக்கு ரேகை விழுந்திருக்காது. விரலைத் துடைத்து, தலையில் தேய்த்து, மறுபடி வைத்து, கடைசியில் கனி அதியமான் கையிலேயே அழுகியிருக்கும். அங்கன்வாடியில் இன்னும் விசேஷம். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தை ஆப் அடையாளம் காண வேண்டும். உயிரோடுதான் நிற்கிறாள் என்று நம்புவதற்கு அவள் கண்ணைச் சிமிட்ட வேண்டும். இடுப்பில் பிள்ளை, முன்னால் போன், "சிமிட்டும்மா, இன்னொரு தடவை சிமிட்டு" என்று கெஞ்சும் ஊழியர். ஒரு பொட்டலம் மாவுக்கு ஒரு பொம்பளையைக் கண்ணடிக்கச் சொல்லும் அரசாங்கம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

சாயங்காலம் பெரியம்மா திரும்பிவந்து கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அண்ணன் மகன் இன்னும் அதே இடத்தில், அதே காபி டம்ளரோடு.

"ஏன்டா கண்ணு, நாப்பது நாள் வேலைக்கிப் போனா எத்தன போட்டோ?"

"எம்பது, பாட்டி."

"என் கல்யாணத்துக்கே ஒருத்தனும் எடுக்கல. அதுல நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுடா. சிரிச்சாப்பல இருக்கணும். நான் போனப்புறம் ஃப்ளெக்ஸுல போடுறதுக்கு."

அந்தப் படங்கள் அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கின்றன. அவன் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தட்டித் தட்டி ஒன்றைப் பிடித்துவிட்டான். ஏரி, கரை, வெள்ளை வெயில். கடுகு கடுகாக இருபது தலை, எல்லாத் தலையிலும் துண்டு.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதுல நான் எவடா?"

அவன் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.