பேட் யாருடையது, ஐயா?

பெறுநர்: சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவர்கள், துபாய்.
அனுப்புநர்: எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமை அம்பயர்.
பொருள்: எங்கள் தெருச் சட்டத்தைத் தாங்களும் பின்பற்றி வருவதற்குப் பாராட்டு.

ஐயா,

எங்கள் தெருவில் சமீபகாலம் வரை பேட் கொண்டுவரும் பையன் வைத்ததே சட்டம். அவன் அவுட் இல்லை என்றால் இல்லைதான். மறுத்துப் பேசினால் பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 2025 டிசம்பரில் அந்த வெட்கம் தீர்ந்தது.

அடிலெய்டில் ஆஷஸ் டெஸ்ட். 72 ரன்னில் இருந்த ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் கேரிக்கு கேட்ச் கேட்டார்கள், அம்பயர் கொடுக்கவில்லை. இங்கிலாந்து ரிவ்யூ எடுத்தது. மட்டையில் பட்டதா என்று சத்தத்தை வைத்துக் காட்டும் ஸ்னிக்கோ கருவியில், பந்து மட்டையைத் தாண்டும் முன்பே கோடு துள்ளியது. சத்தம் முந்தி, பந்து பிந்தி! நாட் அவுட். லேசாகப் பட்டதாகத்தான் தோன்றியது என்று ஆட்டம் முடிந்தபின் கேரியே சொன்னார். கருவியை இயக்கியவர் தவறான ஸ்டம்ப் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று கருவிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கேரி 106 அடித்திருந்தார். இங்கிலாந்துக்கு அந்த ரிவ்யூ திரும்பக் கிடைத்தது. மாடு போனது போனதுதான், கயிறாவது வந்ததே!

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஸ்னிக்கோ, மற்ற இடங்களில் அதே வேலைக்கு அல்ட்ரா எட்ஜ். ஏன் இப்படி என்று விசாரித்தால், ஆட்டத்தை ஒளிபரப்பும் டிவிக்காரர்தான் கருவிக்குக் காசு கொடுக்கிறாராம். ஆக, பேட் அவருடையது.

இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினுக்கு இது முன்பே தெரியும். 2022 ஜனவரியில் கேப் டவுனில் அவர் பந்தில் தென்னாப்பிரிக்காவின் டீன் எல்கருக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார் அம்பயர். ரிவ்யூவில் பந்து ஸ்டம்புக்கு மேலே பறப்பதாகக் கருவி காட்டியது. அம்பயரே நம்ப முடியாமல் தலையை ஆட்டினார். அஸ்வின் தங்களிடம் முறையிடவில்லை. நேராக ஸ்டம்ப் மைக் வழியாக ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே சாடினார். மேற்கு மாம்பலம் தெருவில் ஆடி வளர்ந்தவர் அல்லவா? பேட்காரனை அடையாளம் தெரியாமல் போகுமா?

கருவி பிழை செய்யக் கூடாது என்று நான் கேட்கவில்லை, நானும்தான் செய்கிறேன். எல்லா மைதானத்துக்கும் ஒரே கருவி, அதன் செலவு தங்களுடையது. இந்த இரண்டைச் செய்தால் போதும்.

எங்கள் தெருவில் போன மாதம் தலைக்கு இருபது ரூபாய் வசூலித்துப் பொது பேட் வாங்கிவிட்டோம். பணம் குறைந்தால் சொல்லியனுப்புங்கள், உண்டியலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
பேட் இல்லாத அம்பயர்