பத்துக் கட்டங்கள்

2016. விடுதி அறையில் ஒரே மடிக்கணினி, அதைச் சுற்றி ஐந்து பேர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 'கூகுள் ஃப்யூட்' ஆரம்பமாகிவிடும். ஜஸ்டின் ஹுக் 2013-இல் உருவாக்கிய விளையாட்டு. திரையில் ஒரு தேடல் வரி பாதியில் நிற்கும். கூகுள் அதை எப்படியெல்லாம் முடிக்கும் என்று நாம் ஊகிக்க வேண்டும். பத்து விடைகள் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும். முதல் கட்டம் திறந்தால் 10,000 புள்ளி. மூன்று தப்பு, ஆட்டம் முடிந்தது.

இதற்கு மூலம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1976-இல் தொடங்கிய 'ஃபேமிலி ஃப்யூட்'. அங்கே 100 பேரிடம் கேட்டு வைத்த பதில்களைக் குடும்பங்கள் ஊகிக்கும். எதிரில் ஆள் நின்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள். தேடல் பெட்டியின் முன்னால் அந்தக் கூச்சம் கிடையாது. அதனால் நாங்கள் எப்போதும் 'கேள்விகள்' பிரிவைத்தான் எடுப்போம். உடம்பைப் பற்றிய வரி வந்தால் நடுங்குது, மரத்துப்போகுது, வீங்குது என்று ஆளாளுக்குக் கத்துவோம். கட்டம் திறந்தால் கைதட்டல். "இதையெல்லாமாடா கேப்பாங்க?" என்று சிரிப்பு. நடுங்கும் கையோடு எங்கோ ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதில் பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில், இரவு இரண்டு மணிக்கு, கைப்பேசியில் "பக்கவாதம் வந்தால் பேச்சு" என்று தட்டினேன். "திரும்ப வருமா" என்று நான் எழுதுமுன் அதுவே எழுதிவிட்டது. 2004-இல் கெவின் கிப்ஸ் 'கூகுள் சஜெஸ்ட்' என்று தொடங்கிவைத்த வசதி. மற்றவர்கள் தேடியவற்றிலிருந்துதான் இந்த வரிகளை எடுத்து நீட்டுகிறது. அப்படியென்றால் எனக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் இதே நேரத்தில் இப்படி வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்! அந்த முகம் தெரியாதவர்கள் மேல் அன்று எனக்கு வந்த பாசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அப்பா ஓரிரு சொல் பேசுகிறார். "அந்த..." என்று தொடங்கி நின்றுவிடுவார். தண்ணீரா, கண்ணாடியா, பேப்பரா? என் நாக்கு துடிக்கும். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்மணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: "அவசரப்பட்டு நீங்க முடிச்சு வைக்காதீங்க தம்பி. அவரே தேடட்டும்."

நேற்று மாலை அப்படித்தான் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "வெத்தலப் பெட்டி" என்றார். நான் நினைத்துவைத்திருந்த எதிலும் அது இல்லை.