நேத்து வந்திருக்கணும் சார்

பள்ளிக்கரணைச் சதுப்புநில ஓரத்தில் கேமராவோடு நிற்கிற எவரிடமும் "ஏதாவது தென்பட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். "நேத்து வந்திருக்கணும் சார்" என்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில்தான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சென்னையைச் சுற்றி அரிய பறவைகளை எங்கே பார்க்கலாம் என்று எழுதத்தான் உத்தேசம். அதற்கு முன் இந்த 'நேத்து' பஞ்சாயத்தை முடித்துவிடலாம். பழவேற்காட்டில் பூநாரை, நேத்து. கேளம்பாக்கம் உப்பங்கழியில் ஏதோ ஒரு உள்ளான், நேத்து. கிண்டியில் அரசவால் ஈப்பிடிப்பான், நேத்து. அதுவும் வெள்ளை ஆண், முழு வாலோடு. வேடந்தாங்கலுக்குச் சனிக்கிழமை போனால் வெள்ளிக்கிழமை வந்திருக்கணும், திங்கட்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை. சரி, நேற்றே போனவர்களை விசாரித்தால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது முந்தாநாள். இப்படியே பின்னால் போனால், பல்லவர் காலத்தில் யாரோ ஒரே ஒருவர்தான் அந்தப் பறவையை நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும். அவரிடம் கேமராவும் இல்லை.

"இறக்கை இருக்கிற ஜென்மம், பறக்காதா?" என்பார்கள். பூநாரை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடிகட்டித் தின்கிற பறவை அது. மழை கொட்டி நீர்மட்டம் ஏறினால் ஆழம் குறைந்த இடம் தேடிப் போகத்தான் செய்யும். ஆனால் நன்மங்கலம் காப்புக்காட்டுக் கொம்பன் ஆந்தை? வலசையே போகாது. பகலெல்லாம் பாறை இடுக்கில், பாறை நிறத்திலேயே, பென்ஷன் வாங்கியவர் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருக்கும். அதையும் 'நேத்து இருந்துச்சு' என்றால், கோளாறு ஆந்தையிடம் இல்லை. பாறையைப் பத்து நிமிடம் சும்மா பார்க்க நமக்குப் பொறுமை இல்லை.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர், அக்டோபரில் வலசை வழியில் நகரத் தோட்டங்களில் இறங்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவும். நேரத்தையே பெயராக வைத்திருக்கும் பறவையைத் தேடி நாம் பொங்கல் வடை முடித்து எட்டரைக்குப் போகிறோம். "லொகேஷன் பகிர்ந்தால் எல்லாரும் பார்க்கலாமே?" பகிரலாம். மறுநாள் அந்த மரத்தடியில் முப்பது லென்ஸ் நிற்கும். குட்டை வாலை ஆட்டிக்கொண்டு சருகைப் புரட்டும் குருவிக்கு, போனில் அதன் குரலையே ஒருவர் ஒலிக்கவிடுவார். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று அது தீனியை விட்டுவிட்டுப் பதறி வந்து நிற்கும்; முப்பது கிளிக். அடுத்த நாள் அது அங்கே இருப்பதில்லை. ஆக 'நேத்து' பொய்யில்லை. அதைத் தயாரிப்பதே நாம்தான்.

எங்கே பார்க்கலாம் என்று சொல்ல வந்தேன், இடம் தீர்ந்துவிட்டது. ஆறு மணிக்கு வாருங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.