மறை கழன்ற கதை

1817-ல் ஜெர்மனியில் கார்ல் ஃபான் ட்ரைஸ் என்ற பிரபு இரண்டு சக்கரத்துக்கு நடுவே ஒரு கட்டையைப் பூட்டி, அதில் உட்கார்ந்து, காலால் தரையை உந்திக்கொண்டே போனார். நடக்கத்தான் போகிறோம் என்றால் வண்டி எதற்கு? பிரபுவிடம் யார் கேட்பது! 1860-களில் பாரிஸ்காரர்கள் முன்சக்கரத்தில் பெடலை மாட்டினார்கள். அப்புறம் அந்தச் சக்கரமே ஆளுயரத்துக்கு வளர்ந்தது; பள்ளத்தில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற. ஆனால் ஒரு நிம்மதி, பாட்டம் பிராக்கெட் தேய்ந்துபோச்சு என்று எவனும் புலம்பவில்லை. அப்படி ஒரு சாமானே கிடையாது.

1885-ல் கவென்ட்ரியின் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்து அந்த நிம்மதியைக் கெடுத்தார். செயின் போட்டுப் பின்சக்கரத்தை ஓட்ட, கிராங்க் சுழல ஃபிரேமின் அடியில் ஒரு கூடு தேவைப்பட்டது; அதுதான் பாட்டம் பிராக்கெட். ஃபிரேமுக்குள் இறங்கும் மழைத்தண்ணி எல்லாம் கடைசியில் தங்கும் பள்ளம் அதுதான். ஆள் ஏறி மிதிக்கிற பேரிங்கை அங்கேயே குடிவைத்தார்கள்.

அந்தக் கூட்டில் மறை போடுவதில் வந்தது சண்டை. இங்கிலாந்து 1.37 அங்குலம் என்றது, பிரான்ஸ் 35 மில்லிமீட்டர் என்றது. இத்தாலி குறுக்களவை மில்லிமீட்டரிலும் (36) மறையை அங்குலத்துக்கு 24 என்றும் வைத்து இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கியது. சுவிட்சர்லாந்து வழக்கம்போல நடுநிலை: அளவு பிரான்ஸுடையது, திசை இங்கிலாந்துடையது.

திசையில்தான் சூட்சுமம். கிராங்க் சுற்றும்போது உள்ளே உருளும் குண்டுகள், பேரிங்கைத் தாங்கும் கப்பை எதிர்த்திசையில் நகர்த்தப் பார்க்கும். அதனால் ஆங்கிலேயர்கள் வலது கப்புக்கு இடதுமறை போட்டார்கள். கழற்ற வேண்டுமானால் கடிகார முள் போகிற பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கிய புண்ணியவான்கள் கப்பை இன்னும் இறுக்கிவிட்டு, துருவைத் திட்டினார்கள். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இரு பக்கமும் வலதுமறையே போட்டு, பலத்தை நம்பினார்கள்.

ஆங்கில மறைக்கு பி.எஸ்.ஏ. என்றே பேர். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. நம் அம்பத்தூர் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரில் ஏறி டியூஷனுக்குப் போன பிள்ளைகள் ஆயுதக் கம்பெனியின் பேரைத்தான் மிதித்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவு உருப்படியாக ஒன்று இருந்தால் விடுவார்களா? 2000-த்தை ஒட்டி கேனன்டேல் என்ற சைக்கிள் கம்பெனி மறையையே எடுத்துவிட்டு, பேரிங்கை ஃபிரேமில் அழுத்திச் செருகும் பிபி30-ஐக் கொண்டுவந்தது. எடை குறைவாம். பின்னாலேயே பிபி86, பிபி90, பிஎஃப்30, பிபி386 என்று மாநகரப் பேருந்துபோல நம்பர் நம்பராக வந்தன. ஒன்றுக்கான சாமான் இன்னொன்றில் ஏறாது. கார்பன் ஃபிரேமில் துளை மயிரிழை பிசகினால் மிதிக்கு ஒரு 'கிறீச்'. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் ஏற்றத்தில் கட்டில்போலச் சத்தமிட்டபடி ஏறினார்கள்.

ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2020-ல் தன் டார்மாக் சைக்கிளில் மறையைத் திரும்பப் போட்டது. 2023-ல் கேனன்டேலும் தன் சூப்பர்சிக்ஸில் அதே பழைய பி.எஸ்.ஏ. மறைக்கு வந்து சேர்ந்தது. எந்த விளம்பரத்திலும் மன்னிப்பு இல்லை, அதற்குப் பேர் 'மேம்பாடு'.

இத்தாலியின் பினரெல்லோ கம்பெனி அசையவில்லை. கழன்றுவிடும் என்று ஆங்கிலேயர்கள் கணக்குப் போட்ட அந்த வலதுமறையைத்தான் தன் டோக்மா சைக்கிளில் போட்டது. 2013-ல் அதில் ஏறி டூர் டி பிரான்ஸை ஜெயித்த கிறிஸ் ஃப்ரூம் ஒரு பிரிட்டிஷ்காரர்.