சொட்டு விழாமல் குறையும் கூலன்ட்

கேள்வி: என் 1998 மாடல் மாருதி 800 வாராவாரம் கூலன்ட் கேட்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேதான் போகிறது?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: சூடான இன்ஜின் மேல் கசிவது தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். ஆனால் இந்தத் திருடன் தடம் விடாமல் போகமாட்டான். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளாம்ப் ஓரத்திலோ வாட்டர் பம்ப்புக்குக் கீழேயோ பச்சையாக, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஆள் அங்கேதான். கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரே போதும். ஹோஸ் இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். எதுவும் சிக்கவில்லையா? மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் மூடிக்குள் மோர் நிறக் கசடு தெரிந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம். சரிபார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.