லாட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பல வருஷமாக ஃபாக்ஸ்புரோவில் தோல் ஸ்டாக், பீஸ் ரேட் கூலி, ஜாப் ஒர்க் கணக்கு எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பைத்தானுக்கு மாற்றச் சொல்கிறார்கள். எங்கே பார்த்தாலும் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்கிறார்கள். ஃபங்ஷன் எழுதியே எல்லாம் ஓடும்போது இது எதற்கு? (மாதனூர் வாசகர்)

பதில்: உங்கள் ஸ்டாக் டேபிளில் ஒரு லாட்டின் துண்டுக் கணக்கை எத்தனை புரோகிராம்கள் மாற்றுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வரவு வைக்கும்போது ஒன்று, செலக்‌ஷனில் கழிக்கும்போது ஒன்று, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. 400 ஆட்டுத்தோல் உள்ள லாட் என்று வையுங்கள். செலக்‌ஷனில் 40 தோல் தேறவில்லை. அதைக் கழித்த புரோகிராம் துண்டை 360 ஆக்கிவிட்டு, சதுர அடியைக் குறைக்க மறந்துவிட்டது. மாசக் கடைசியில் துண்டு ஒன்று சொல்கிறது, அடி வேறொன்று சொல்கிறது. தப்பு எங்கே? எல்லாப் புரோகிராமையும் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஏனென்றால் அந்த இரண்டு எண்களையும் தொட எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஆப்ஜெக்ட் முறை கைவைப்பது அந்த உரிமையில்தான். இதுவரை எழுதியது:

லாட்.துண்டு = லாட்.துண்டு - 40

இனி எழுதுவது:

லாட்.கழி(40, 180, "செலக்‌ஷன்")

கழி என்ற ஃபங்ஷன் லாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 40 துண்டையும் 180 சதுர அடியையும் சேர்த்தே குறைக்கும். இருப்பதற்கு மேல் கழிக்கச் சொன்னால் மறுக்கும். என்ன காரணத்துக்காகக் கழித்தது என்று எழுதியும் வைக்கும். நாளைக்கு வெளிநாட்டு பையர், இந்த ஷூவின் தோல் எந்த லாட்டில் இருந்து வந்தது என்று கேட்டால், அந்த வரலாறு ஒரே இடத்தில் இருக்கும். கணக்கு தப்பினாலும் திறந்து பார்க்க வேண்டியது அந்த ஒரு கிளாஸைத்தான்.

ஒரு எச்சரிக்கை. சி++, ஜாவாவில் உள்ளிருக்கும் டேட்டாவைப் பிரைவேட் ஆக்கினால் கம்பைலரே வெளியாளைத் தடுத்துவிடும். பைத்தான் அப்படிப் பூட்டாது. பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் ‘வெளியிலிருந்து தொடாதே’ என்று பொருள். அதைக் காப்பாற்றுவது எழுதுபவர்களின் பொறுப்பு.

கேள்வி: கிளாஸ் எது, ஆப்ஜெக்ட் எது? ஒரு மூச்சில் சொல்லுங்கள். (மேல்விஷாரம்)

பதில்: லாட் என்றால் அதில் என்னென்ன இருக்கும், அது என்னென்ன செய்யும் என்று ஒரு தடவை எழுதிவைப்பது கிளாஸ். காலையில் லாரியில் வந்து இறங்கிய 217-ஆம் லாட் ஆப்ஜெக்ட்.

கேள்வி: அப்படியானால் என் ஃபாக்ஸ்புரோ அனுபவம் எல்லாம் வீண்தானா? (மீண்டும் மாதனூர் வாசகர்)

பதில்: இல்லவே இல்லை. 1995-இல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3.0-இலேயே கிளாஸ் உண்டு. நீங்கள் ஃபார்மில் வைத்த ஒவ்வொரு பட்டனும் ஓர் ஆப்ஜெக்ட். அதன் கிளிக்கில் எழுதியது மெத்தட். அந்த மொழிக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது, அதனால் மாறுவது நல்லதே. ஆனால் எந்த லாட் எங்கே நிற்கும், கூலி எங்கே இடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததுதான் நல்ல கிளாஸ் எழுதத் தேவையான முதல் அறிவு. புதிதாக வரும் பிள்ளைகள் மொழியை மூன்று மாதத்தில் கற்றுவிடுவார்கள். டேனரியைக் கற்க அவர்களுக்கு நீங்கள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். லாட்.கழி(40) என்பதும் கழி(லாட், 40) என்பதும் மெஷினுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பைத்தானில் மெத்தட் எழுதும்போது முதலில் ‘செல்ஃப்’ என்று போடுகிறோமே, அதுதான் அந்த லாட். சி++ மொழியின் ஆரம்பகாலக் கம்பைலரான சிஃப்ரண்ட், சி++ நிரலை சி நிரலாக மாற்றித்தான் கொடுத்தது; மெத்தட்களும் அதில் சாதாரண ஃபங்ஷன்களாகவே ஆயின.

கேள்வி: இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது? அமெரிக்கர்களுக்கா? (பள்ளிகொண்டா)

பதில்: நார்வேக்காரர்களுக்கு. ஆஸ்லோவில் இருந்த நார்வே கம்ப்யூட்டிங் மையத்தில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். வரிசையில் காத்திருப்பவை, ஒன்றுக்கொன்று இடையூறாக நகர்பவை இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே வைத்துக்கொண்டால் எழுதுவது சுலபம் என்று கண்டார்கள். கிளாஸ், வாரிசு கிளாஸ் இரண்டும் சிமுலா 67-இலேயே இருந்தன. இந்த முறைக்கு ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான ஆலன் கே; ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியதும் அவரும் அவர் குழுவும்தான். டென்மார்க்கில் பிறந்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திவிட்டு, அதன் ஒழுங்கும் சி-யின் வேகமும் சேர்ந்து வேண்டும் என்று 1979-இல் பெல் லேப்ஸில் ஆரம்பித்ததுதான் பிறகு சி++ ஆனது.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். பரீட்சையில் மார்க் வந்தது. பல்லுருவாக்கம் மட்டும் இன்னும் புரியவில்லை. (ஆம்பூர் மாணவி)

பதில்: உங்கள் ஊரில் இருந்தே பார்க்கலாம். ஷூவின் மேல்பாகத்துக்கான தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அடித்தோல், அதாவது சோல் லெதர், எடைக் கணக்கில் போகிறது. பழைய முறையில் பில் போடும் புரோகிராமில் ‘மேல்தோலா? அடியை விலையால் பெருக்கு. அடித்தோலா? கிலோவை விலையால் பெருக்கு’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதே கேள்வி ஸ்டாக் மதிப்பு ரிப்போர்ட்டில் இருக்கும், ஏற்றுமதி இன்வாய்ஸில் இருக்கும். மூன்றாவதாக ஒரு வகை வந்தால் எல்லா இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப்போகும். பணம் போன பிறகுதான் தெரியும்.

இப்போது மேல்தோல் கிளாஸில் தொகை என்று ஒரு மெத்தட், அடித்தோல் கிளாஸில் அதே பெயரில் இன்னொரு மெத்தட். பில் போடும் இடத்தில் ‘சரக்கு.தொகை()’ என்று மட்டும் எழுதுங்கள். எதைப் பெருக்குவது என்று அந்தச் சரக்குக்கே தெரியும். கேட்பது ஒன்று, பதில் சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. புத்தகம் பல்லுருவாக்கம் என்பது இதைத்தான்.

பரீட்சையில் கேட்காத ஒன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த முறையில் புது வகை சேர்ப்பது சுலபம். எல்லா வகைக்கும் ஒரு புது வேலையைச் சேர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கிளாஸையும் திறந்தாக வேண்டும். பழைய முறையில் இது அப்படியே தலைகீழ். உங்கள் வேலையில் அடிக்கடி மாறுவது வகைகளா, வேலைகளா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தோல் என்று தாய்க் கிளாஸ். அதன் வாரிசாக ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். அவற்றின் வாரிசாக குரோம் ஆட்டுத்தோல், பட்டை ஆட்டுத்தோல். வம்சாவளியே வரைந்துவிட்டேன். சரிதானே? (வாணியம்பாடி)

பதில்: அழகாக இருக்கும், ஆனால் அழித்துவிடுங்கள். செயல்முறை மொழியில் இருந்து வருபவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமை என்று நான்கு. குரோம், பட்டை என்று பதனிடும் முறை இரண்டு. இரண்டையும் வாரிசாக்கினால் 8 கிளாஸ். மூன்றாவதாக ஒரு முறை வந்தால் 12. கிரஸ்ட்டா, ஃபினிஷ் ஆனதா என்பதையும் பிரித்தால் எங்கே போய் நிற்கும்?

அதைவிடப் பெரிய சிக்கல் டேனரிக்குள்ளேயே இருக்கிறது. பட்டையில் பதனிட்ட தோலை மறுபடி குரோமில் போட்டு எடுக்கும் செமி குரோம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஜாவாவிலும் சி++-இலும் ஓர் ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸில் பிறந்ததோ அதிலேயேதான் கடைசிவரை இருக்கும். பட்டை ஆட்டுத்தோலாகப் பிறந்த லாட்டை நடுவழியில் குரோம் ஆட்டுத்தோலாக மாற்ற வழியில்லை. நிஜத்தில் டிரம்முக்குள் தினமும் நடக்கும் மாற்றத்தை உங்கள் புரோகிராம் அனுமதிக்காது.

வழி இதுதான்: பதனிடும் முறையைத் தனிக் கிளாஸ் ஆக்குங்கள். குரோம் முறைக்கு உப்பும் அமிலமும் போட்டு பிக்கிள் செய்வதும், குரோம் உப்பு சேர்ப்பதும், டிரம் ஓடும் நேரமும் தெரியும். பட்டை முறைக்குத் தன் சரக்கும், ஊற வேண்டிய காலமும் தெரியும். லாட் தன்னிடம் ஒரு முறையை வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது முறை வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். மரபுரிமம் என்பது ‘இது அதுவேதான்’ என்னும் உறவு. இங்கே இருப்பதோ ‘இதனிடம் அது இருக்கிறது’ என்னும் உறவு. எரிக் காமா உள்ளிட்ட நான்கு பேர் 1994-இல் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகமும் வாரிசு முறையைவிடச் சேர்த்துக்கட்டும் முறைக்கே முதலிடம் கொடுக்கச் சொல்கிறது. கூகுளில் பிறந்த கோ மொழியில் வாரிசு கிளாஸே கிடையாது.

சரி, ஆடு, மாடு? வெள்ளாட்டுத் தோலுக்கும் செம்மறித் தோலுக்கும் உங்கள் புரோகிராமில் நடத்தை ஏதாவது வேறுபடுகிறதா? ரிப்போர்ட்டில் பெயர் மட்டும்தான் மாறுகிறது என்றால் அதற்குக் கிளாஸே வேண்டாம். லாட்டுக்குள் ‘இனம்’ என்று ஒரு கட்டம் போதும்.

கேள்வி: ஒரு லாட்டைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் சோதித்துப் பார்த்தேன். அசல் கணக்கும் மாறிவிட்டது! (ராணிப்பேட்டை)

பதில்: ‘காப்பி = லாட்’ என்று எழுதியிருப்பீர்கள். சி-யில் ஒரு ஸ்ட்ரக்டை இன்னொன்றில் போட்டால் உள்ளே இருப்பது பிரதியாகும். பைத்தானிலும் ஜாவாவிலும் அப்படி ஆகாது. ஒரே லாட்டுக்கு இரண்டு பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். எந்தப் பெயரைச் சொல்லிக் கழித்தாலும் குறைவது அதே லாட். தனிப் பிரதி வேண்டுமானால் அதற்கென்று உள்ள ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். லாட்டுக்குள் வேறு பட்டியல்கள் இருந்தால் ஆழப் பிரதி எடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பட்டியல்கள் பொதுவாகவே இருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘எடு’, ‘வை’ என்று இரண்டு மெத்தட் எழுதிவிட்டேன். இப்போது என் நிரல் ஆப்ஜெக்ட் முறைதானே? (விண்ணமங்கலம்)

பதில்: இல்லை. ‘துண்டை_வை(360)’ என்று யார் வேண்டுமானாலும் சொல்ல முடிந்தால் பழைய நிலைமையேதான். கழி, சேர், பிரி, அனுப்பு என்று வேலையின் பெயரில் மெத்தட் எழுதுங்கள்.

கேள்வி: கிளாஸ், மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாமா? (குடியாத்தம்)

பதில்: தாராளமாக. பைத்தான் 3-இலும் ஜாவாவிலும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம். மொழியின் சொந்தச் சொற்கள்தான் ஆங்கிலத்தில் இருக்கும். அந்தச் சொற்களும் தமிழிலேயே வேண்டுமானால் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியைப் பாருங்கள்.

கேள்வி: ஆப்ஜெக்ட் முறையில் வேகம் குறையுமாமே? (திருப்பத்தூர்)

பதில்: எந்த மெத்தட் என்று ஓடும்போது தேர்ந்தெடுக்க சி++ ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. அந்தச் செலவு மிகச் சிறியது. உங்கள் ரிப்போர்ட் மெதுவாக வந்தால் முதலில் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முப்பதாயிரம் வரி பழைய நிரல் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் கிளாஸாக மாற்ற எங்கே ஆரம்பிப்பது? (பேரணாம்பட்டு)

பதில்: எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் போடும் ஃபங்ஷனுக்கு ஒரு தொகையைக் கொடுத்தால் ஒரு தொகை திரும்பி வருகிறது. அதற்கு நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அது ஃபங்ஷனாகவே இருக்கட்டும்.

எந்த டேபிளைப் பற்றி மாதாமாதம் தகராறு வருகிறதோ அதை மட்டும் எடுங்கள். அநேகமாக அது லாட் டேபிளாகத்தான் இருக்கும். அந்த டேபிளில் எழுதும் வரிகளை எல்லாம் தேடிப் பட்டியல் போடுங்கள். படிக்கும் வரிகள் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். எழுதும் ஒவ்வொரு வரியும் ஏன் எழுதுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள்: வரவு, கழிவு, பிரிப்பு, அனுப்புதல். அந்தக் காரணங்கள்தான் உங்கள் கிளாஸின் மெத்தட்கள். ஒவ்வொரு வரியையும் எடுத்துவிட்டு அந்த மெத்தட்டைக் கூப்பிடும்படி மாற்றுங்கள், வாரத்துக்கு ஒரு புரோகிராம் போதும். மாற்றும்போது பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஸ்டாக் எடுக்கும் நாளில் மூன்றையும் ஒப்பிடுங்கள்: பழையது, புதியது, குடோனில் கையால் எண்ணியது.